உல்லைக் கடலும் ஒரு டப்பா ரெசினும்

நாமக்கல்லில் நின்றுகொண்டு "கடலுக்குப் போகிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்பார்கள். ஆடி மாதமாக இருந்துவிட்டால் போச்சு. அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போகிறேன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, குரலை இறக்கி, "அப்பாவுக்குங்களா, அம்மாவுக்குங்களா?" என்பார்கள். என் அப்பாவும் அம்மாவும் வீட்டில் டிவி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் கடலில் அலைச்சறுக்கு விளையாடப் போவான் என்பது மட்டும் எங்கள் ஊரில் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது.

கண்ணடித்து "தண்ணி ட்ரிப்புங்களா?" என்று கேட்கும் கூட்டம் வேறு. தண்ணீர் ட்ரிப்தான், இவர்கள் நினைக்கிற தண்ணி இல்லை. ராசிபுரத்தில் இருக்கும் என் மைத்துனர் இன்னும் ஒரு படி மேலே போய், "அந்தப் பலகை மேல ஏறி நின்னா என்னங்க மச்சான் கெடைக்குது?" என்றார். "நெய்யைச் சோத்துல ஊத்தித் திங்கறியே, உனக்கு என்ன கெடைக்குது?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

நான் லாரிக் கேபின்களுக்கு ஃபைபர் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆடியில் யாரும் புது லாரி எடுக்கமாட்டார்கள் என்பதால் பட்டறை ஈ ஓட்டும். நாலு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஆடியில், மீன் தொட்டிக்கு அச்சு கேட்ட ஒரு வியாபாரியைப் பார்க்க இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போனேன். வியாபாரம் படியவில்லை, ஊர் படிந்துவிட்டது. பொத்துவிலை ஒட்டிய அந்தக் கடற்கரையை வெள்ளைக்காரர்கள் அறுகம்பே என்கிறார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அது உல்லை. எனக்கும் உல்லைதான்.

அந்த ஊரை ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் முதலில் அலையைத்தான் சொல்வேன். தெற்கு முனையில் பாறையை ஒட்டி எழும்பும் அலை, ஒரே இடத்தில் விழுந்து தொலையாமல், கரையோரமாகவே மடிந்து மடிந்து வெகுதூரம் ஓடிவரும். பலகை மேல் நிற்கத் தெரிந்தவரை அது குடாவின் உள்ளே கொண்டுவந்து இறக்கிவிடும். குடாவின் உட்புறம் என்னைப் போன்றவர்களுக்கானது. இடுப்பளவுத் தண்ணீர், பொறுமையான சின்ன அலைகள். கரையில் வண்ணப் படகுகள், படகுகளுக்கு நடுவே யாரைப் பற்றியும் கவலைப்படாமல் படுத்திருக்கும் மாடுகள். லோடு லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது தார்ப்பாய் மேல் எழுந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது நான் முதல் முறை நின்றது. மூன்று நொடி. அந்த மூன்று நொடிக்காக வருடா வருடம் போகிறேன்.

இந்த வருடம் எனக்கு முதல் கோபம் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. திங்கட்கிழமை, பொத்துவிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது டயர் பஞ்சர். ஜாக்கி வைத்த லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானே இறங்கிப்போய் நாலு வார்த்தை சொல்லிச் சரியாக வைக்க வைத்தேன். வேலை முடிந்ததும் சாலையோரப் புதர்ப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். பஸ் படியில் நின்ற கண்டக்டர் ஊருக்கே கேட்கிற மாதிரி, "அண்ணன், வெளிக்கிட்டாச்சா? வெளிக்கிட்டாச்சா?" என்று கத்தினார். எங்கள் பக்கம் 'வெளிக்கி' என்றால் காலையில் காட்டுப் பக்கம் போவது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏனுங்க, பொம்பளைங்க உக்காந்திருக்கற பஸ்ஸுல கேக்கற கேள்வியாங்க இது?" என்று பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புறப்படுவமா எண்டு கேக்கிறார் தம்பி" என்றார். நாலு வருடமாகப் போய் வருகிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் எனக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

உல்லையில் நான் தங்குவது நவ்ஸாத் வீட்டில். அலைச்சறுக்கு சொல்லித்தருகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் வருடம் வந்த அன்று எங்கள் ஊர் வழக்கப்படி அவரை "பாய்" என்று கூப்பிட்டேன். "பாய் எண்டா நாங்க விரிச்சுப் படுக்கிறது அண்ணன்" என்றார். அவருடைய மகள் ரிஸ்னாவுக்கு இப்போது பதினேழு வயது. அன்று அவளையும் நான் கொங்கு வாயால் "வா சாமி, சாப்பிட்டியா சாமி" என்று கூப்பிட, அவள் விழித்தாள். "சாமி எண்டா கடவுள்தானே அங்கிள்? என்னைப் போய் அப்பிடிச் சொல்லலாமா?" என்றாள். "எங்கூருல கெழவனும் சாமிதான், கொழந்தையும் சாமிதான் கண்ணு" என்றேன். "எனக்கு வேணாம். மகள் எண்டு சொல்லுங்க" என்றாள். நேராகப் பேசுகிற பெண். அப்படியே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். மத்தியானம் சோறும் சூரை மீன் குழம்பும். சாயங்காலம் கடையில் முட்டை அப்பம். நாமக்கல்காரன் முன்னால் முட்டையை வைத்துவிட்டுச் சும்மா இருக்கமுடியுமா? எந்தப் பண்ணை, எத்தனை நாள் ஆச்சு என்று நான் விசாரித்ததில் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க சாப்பிட வந்தீங்களா, சோதனைக்கு வந்தீங்களா?" என்றார். அப்பம் பிரமாதமாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

அன்று வீடே சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசியது. சனிக்கிழமை பெண்களுக்கான அலைச்சறுக்குப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். ரிஸ்னா வார விடுமுறைகளில் வெளிநாட்டுப் பெண்களுக்கு நீச்சல் துணையாகப் போய்ச் சேர்த்த காசில் புதிதாக ஒரு பலகை வாங்கியிருந்தாள். வெள்ளை நிறம், மெலிந்த உடம்பு, ஒரு கையால் தூக்கிவிடலாம். அதில் அவள் போவதைச் செவ்வாய் மாலை பார்த்தேன். முழங்கையையும் கணுக்காலையும் மூடிய கறுப்பு உடையில், அலையின் சரிவில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக. நானெல்லாம் மூன்று நொடி நின்றதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

புதன்கிழமைதான் அந்தக் கண்றாவி நடந்தது. குடாவின் உட்புறத்தில் ஒரு புது ஹோட்டல் வந்திருக்கிறது. தன் சுவரிலிருந்து கடல்வரை இரண்டு வரிசையாக இரும்புக் கம்பி நட்டு, கயிறு கட்டி, நடுவில் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு, 'விருந்தினருக்கு மட்டும்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். கடற்கரையில்! தண்ணீர் ஏறும் நேரத்தில் ஒவ்வொரு வரிசையிலும் கடைசி நாலைந்து கம்பிகள் முழுகிவிடும். வெளியே தெரியாது. ரிஸ்னா ஒரு அலையில் கரைவரை வந்தாள். கரக்கென்று ஒரு சத்தம். அவள் தூக்கிப்போடப்பட்டுத் தண்ணீரில் விழுந்தாள். எழுந்து பலகையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. காலில் குத்தியிருந்தால்?

ஈரக் கால்சட்டையோடு ஹோட்டலுக்குள் போய்விட்டேன். கறுப்புப் பேண்ட், சட்டையில் பெயர் வில்லை, முப்பத்தைந்து வயது மேனேஜர். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறோம், பொறுப்பு எங்களுடையது அல்ல என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியாது.

"ஏனுங்க, அந்தப் புள்ள கால்ல குத்தியிருந்தா என்னங்க பண்ணுவீங்க? பலகையவா மாட்டி வெப்பீங்க?" என்று கத்தினேன்.

அவர் முகம் மாறியது. "அண்ணா... நீங்க நாமக்கல்லா?"

"ஆமா. நீங்க?"

"சேலம்ணா. அஸ்தம்பட்டி."

கடல் தாண்டி ஊர்க்காரரைப் பார்த்தால் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு இரண்டு மடங்கு எரிந்தது. "அங்க உங்க ஊட்டு வாசல்ல எவனாச்சும் பைக்க நிறுத்தினா தெருவையே கூட்டுவீங்க. இங்க வந்து அடுத்தவங்க கடல்ல கம்பி நட்டு வெப்பீங்களா? ஒரே மாவட்டமா இருந்தவங்கன்னு வெளிய சொல்லவே கூச்சமா இருக்குது."

"நீங்கதாண்ணா பிரிச்சிக்கிட்டுப் போனீங்க" என்றார் அந்த நேரத்திலும். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சம்பளத்துக்கு இருக்கறவன். ஓனரு கொழும்புல. கம்பிய எடுக்க எனக்குப் பவர் இல்லண்ணா."

"தப்பு எங்க பேர்லதான்னு சொல்றதுக்கு என்னங்க பவர் வேணும்? வாய் இருந்தாப் பத்தாதுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு அந்த வசனத்தை நவ்ஸாத்திடம் இரண்டு முறை சொல்லிக்காட்டினேன்.

நவ்ஸாத் பலகையைத் தட்டிப் பார்த்தார். "இது சின்னக் காயம். ஆனா உள்ள வேற சாமான் அண்ணன், எப்பொக்சிப் பசைதான் போடணும். அக்கரைப்பற்றில இருந்து நாளைக்குப் பின்னேரம் வருது. வெள்ளி காயும், சனி போகலாம். பொறுங்க" என்றார்.

பொறுப்பதா? நொறுங்கிப்போன லாரிக் கேபினை முந்தாநாள் செய்தது மாதிரி ஆக்கித் தருகிற கை இது. போன இரண்டு வருடமும் அவருடைய பழைய பலகைகளில் விழுந்த ஓட்டைகளை, லாரிக் கேபினுக்கு ஊற்றுகிற அதே ரெசினால் நான்தான் அடைத்தேன், ஒன்றில்கூடத் தண்ணீர் ஏறவில்லை. இவர் எனக்கு ரெசின் பாடம் எடுக்கிறார்! ஹோட்டல்காரன் மேல் இருந்த ஆத்திரத்தில் கொஞ்சம் இவர் மேலும் திரும்பியது. உண்மையைச் சொன்னால், ஹோட்டல் முகத்தில் கரிபூசுவது மாதிரி நானே அதைச் சரிசெய்து, அந்தப் பெண் கையில் கொடுத்து, நாலு பேர் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை நவ்ஸாத் பாடம் எடுக்கப் போய்விட்டார். ரிஸ்னா பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் ஆட்டோ பிடித்துப் பொத்துவிலில் படகு பழுது பார்க்கும் கொட்டகைக்குப் போய், ஒரு டப்பா ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கொஞ்சம், ஃபைபர் இழை விரிப்பான மேட் ஒரு துண்டு வாங்கிவந்தேன். வழியில் ஒரு மேட்டில் ஆட்டோ தூக்கிப்போட்டதில் பாதி ரெசின் என் மடியில். அதற்கும் ஓட்டுநரோடு ஒரு சண்டை. மீதியைக் கொண்டுவந்து, கொல்லையில் பலகையைக் கவிழ்த்து, ஓட்டையின் ஓரத்தைத் தேய்த்து, மேட் துண்டை வைத்து, பிரஷ்ஷால் ரெசின் பூசினேன். கொஞ்சம் உள்ளே இழுத்தது. தாகமாக இருக்கிறது போல என்று இன்னும் ஊற்றினேன்.

ஐந்து நிமிடத்தில் மேட் குழிந்தது. விரலால் தொட்டேன், விரல் உள்ளே போனது. கையைவைத்தேன், கை போனது. பலகையின் வயிறு எங்கே என்று தெரியவில்லை, மேல்தோல் மட்டும் இருந்தது. உள்ளே இருந்தது தெர்மாகோல். இந்த ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து கூழாகிவிடும் என்று என் பட்டறையில் கூட்டிப்பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பழைய பலகைகளுக்குள் இருப்பது மஞ்சள் நிறக் கெட்டி நுரை, அதை ரெசின் ஒன்றும் செய்யாது. புதிது வேறு என்று நவ்ஸாத் சொன்னார். வாயால், தெளிவான தமிழில் சொன்னார். நான் கேட்கவில்லை. டப்பாவைத் தூக்கி வேலியில் அடித்தேன்.

மத்தியானம் ரிஸ்னா வெள்ளைச் சீருடையோடு கொல்லைக்கு வந்தாள். பலகையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பி குத்தினதுல மகளே, உள்ள எல்லாமே ஆடிப்போயி..." என்று ஆரம்பித்தேன். என் வாயில் அது எப்படி வந்தது என்று இப்போதுகூட எனக்கு விளங்கவில்லை.

"அங்கிள்" என்றாள். "கம்பி போட்டது ஒரு ஓட்டை."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னேரம் அக்கரைப்பற்றிலிருந்து சரியான பசை வந்து சேர்ந்தது. நவ்ஸாத் அதை வாங்கி அலமாரியில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கச் செய்தி வேறு மாதிரி பரவியிருந்தது. ஹோட்டல் கம்பி குத்தி ரிஸ்னாவின் பலகை இரண்டாகப் போய்விட்டதாம். சிலர் சொன்னதில் கம்பியில் ஏதோ அமிலம் தடவியிருந்தார்களாம். ஜும்மா முடிந்து வந்தவர்கள், படகுக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று ஒரு இருபது பேர் கயிற்றுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். சத்தம் போடவில்லை, சும்மா நின்றார்கள். நானும் நின்றேன். நியாயமான கோபம் அது. அதில் எனக்கு நிற்க இடம் உண்டா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அஸ்தம்பட்டிக்காரர் நவ்ஸாத் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஹோட்டலுடைய பலகை ஒன்று, ஏறக்குறைய ரிஸ்னாவுடையது மாதிரியே. பின்னால் அந்த இருபது பேர். "எங்க கம்பியாலதான் நடந்துச்சு. தப்பு எங்க பேர்லதான். இத அந்தத் தங்கச்சியே வெச்சுக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வாய் இருந்தால் போதாதா என்று நான் கேட்டேன் அல்லவா? அவர் வாயைத் திறந்துவிட்டார்.

இப்போது என் முறை. ரிஸ்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை நான் சொன்னால் அந்தப் பலகை திரும்பிப் போய்விடலாம். நாளை விடிந்தால் போட்டி. அவளுக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய். இருபது பேர் முன்னால் வெட்கமாக இருந்தது, அதனால் சும்மா இருந்தேன்.

அவள் பலகையை வாங்கவில்லை. "ஓட்டை உங்கட கம்பி போட்டது" என்றாள் மேனேஜரிடம். "உருக்கினது இந்த அங்கிள். வாப்பா வேணாம் எண்டு சொல்லியும் ரெசின் ஊத்தினார்."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. முட்டை அப்பக் கடைக்காரரும் அதில் இருந்தார்.

"இதை நாளைக்கு மட்டும் எடுக்கிறன். முடிஞ்ச உடனே தாரன். எனக்கு வைச்சிருக்க வேணாம்" என்றாள். "ஆனா தண்ணிக்குள்ள நிக்கிற கம்பியெல்லாம் இண்டைக்கே எடுங்க. நாளைக்கு ஆர்ர காலில குத்துமோ."

"தங்கச்சி, ஓனரு கேட்டா..." என்று மேனேஜர் இழுத்தார்.

"ஆமாம்மா, நாந்தான் உருக்கினேன்" என்றேன் நான். கேட்காத கேள்விக்கு, பிந்திவந்த பதில். பிறகு மேனேஜரிடம், "வாங்க போலாம். ஓனர் கேட்டா நாமக்கல்காரன் ஒருத்தன் புடுங்கிட்டான்னு என் பேரச் சொல்லுங்க" என்றேன்.

இருட்டுவதற்குள் இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினோம். கம்பிகளை ஆழமாக அடித்திருந்தார்கள், ஒவ்வொன்றையும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. அலை வந்து முகத்தில் அறைந்தது. நான் ஐந்து பிடுங்குவதற்குள் அவர் இரண்டுதான் பிடுங்கினார், அதுவும் பளபளப்பான ஷூவைக் கழற்றாமல். "சேலத்துக்காரங்களுக்கு நோகாம வேல செய்யணும்" என்று திட்டிக்கொண்டே அவருடையதையும் சேர்த்து இழுத்தேன். "இந்த வாய் அங்க வாசல்ல எங்கண்ணா போச்சு?" என்று கேட்டார். அடுத்த கம்பியைப் பிடித்து ஆட்டினேன்.

சனிக்கிழமை முனையில் நல்ல அலை. ரிஸ்னா முதல் சுற்றில் எல்லோரையும் தாண்டினாள். அரையிறுதியில் நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம். கடைசி நிமிடத்தில் ஒரு பெரிய அலையை எடுத்தாள். மேலே ஏறித் திரும்பும் இடத்தில் பலகை ஒரு நொடி தாமதித்தது போல எனக்குத் தெரிந்தது. விழுந்தாள். ஊதல் ஊதிவிட்டார்கள். மூன்றாவது இடம். இறுதிச் சுற்றும் போச்சு, முகாமும் போச்சு.

எனக்குத் தாங்கவில்லை. நடுவர்களைப் பார்த்துக் கத்தப் போனவனை நவ்ஸாத் கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் கரையேறி வந்ததும் ஓடிப்போய், "அது உன் தப்பில்ல மகளே. பழகாத போர்டு. அந்த அலையும் கோணலா வந்துச்சு, நான் பாத்தேன்" என்றேன்.

ரிஸ்னா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். கண்ணீரும் இருந்திருக்கும்.

"போர்ட் நல்ல போர்ட் அங்கிள். அலையும் நல்ல அலை" என்றாள். "நான் விழுந்தன்."

சொல்லிவிட்டு, பலகையைத் திருப்பிக் கொடுக்க ஹோட்டல் பக்கம் நடந்தாள்.